லூசி ப்ரோன்ஸ்: ஒரு டிஃபெண்டரின் கால்பந்து வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் கால்பந்து பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இழுத்து வரும் பெயர் லூசி ப்ரோன்ஸ். "கோல் அடிக்கிறவர்கள் அத்தனை பேர் இருக்க, ஒரு டிஃபெண்டரை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். அதன் பின்னால் வேறு பல கேள்விகளும் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லூசி ப்ரோன்ஸ் யார்?

இங்கிலாந்து அணியின் ரைட் பேக், அதாவது வலது ஓரத்தில் எதிரணியைத் தடுக்கும் டிஃபெண்டர். 1991 அக்டோபர் 28 அன்று, ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டியிருக்கும் பெர்விக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா போர்ச்சுகீசியர், அம்மா ஆங்கிலேயர். சிறு வயதில் கொஞ்ச காலம் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் வளர்ந்தார். கடல் ஏறினால் கரைக்குப் போகும் சாலையே தண்ணீருக்குள் போய்விடும் சின்னஞ்சிறு தீவு அது. போர்ச்சுகலுக்கு ஆடவும் தகுதி இருந்தது. அவர் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தை.

2013இல் நாட்டுக்காக முதல் ஆட்டம். அதன்பின் 3 உலகக் கோப்பைத் தொடர்களில் ஆட்டம், 2 ஐரோப்பியக் கோப்பை வெற்றிகள், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் 5 பட்டங்கள். இங்கிலாந்து, பிரெஞ்சு, ஸ்பெயின் லீக்குகள் மூன்றிலும் சாம்பியன்.

அவருடைய முழுப் பெயரில் 'டஃப்' என்று ஒரு சொல் இருக்கிறதாமே, ரசிகர்கள் வைத்த பட்டமா?

இல்லை, பிறந்தபோதே வைத்த பெயர். லூசியா ராபர்ட்டா டஃப் ப்ரோன்ஸ் என்பது முழுப் பெயர். டஃப் அம்மா வழியில் வந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'கடினமான, அசையாத' என்று பொருள் என்பதால் பட்டம் போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

ரைட் பேக் என்றால் சரியாக என்ன வேலை?

பழைய கணக்கில் சுலபமான வேலை. மைதானத்தின் வலது ஓரத்தில், தன் கோலுக்கு அருகில் நின்று, எதிரணியின் இடது விங்கரை, அதாவது ஓரமாக ஓடிவந்து தாக்குபவரை, தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து வந்தால் தூர அடித்துவிட வேண்டும்.

இப்போது அப்படி இல்லை. தன் அணியிடம் பந்து இருக்கும்போது ரைட் பேக் ஓரக்கோட்டை ஒட்டி மேலே ஓடி, எதிரணியின் கோல் முன்னே கிராஸ் போட வேண்டும், அதாவது ஓரத்திலிருந்து பந்தைக் குறுக்கே அனுப்ப வேண்டும். பந்து பறிபோன அந்த நொடியே திரும்பித் தன் கோலை நோக்கி ஓட வேண்டும். 60, 70 மீட்டர் ஓட்டம், ஒரு ஆட்டத்தில் எத்தனையோ தடவை. விங்கர் களைத்துப்போனால் பயிற்சியாளர் மாற்றி அனுப்புவார். ஃபுல் பேக், அதாவது இப்படி ஓரத்தைக் காக்கும் டிஃபெண்டர், பெரும்பாலும் 90 நிமிடமும் ஆட வேண்டியவர்.

லூசி ஆடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பந்து இடது பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது கேமரா அவரைக் காட்டாது. திடீரென்று தூரக் கம்பத்தருகே ஒரு தலை எழும்பும். எப்போது கிளம்பினார், எந்த வழியில் வந்தார் என்று டிவியில் பார்ப்பவருக்குத் தெரியாது. 2015 உலகக் கோப்பைக் காலிறுதியில், 54,000 பேர் திரண்டிருந்த வான்கூவர் மைதானத்தில், கனடாவுக்கு எதிராகத் தலையால் ஒரு கோல். 2022 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக இன்னொன்று. 2025 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிராக அவர் தலையால் அடித்த ஒரே கோலில்தான் செல்சீ அந்த ஆண்டு லீக் பட்டத்தை உறுதி செய்தது. ஒரு டிஃபெண்டர் தற்செயலாக இத்தனை பெரிய கோல்கள் போட முடியாது. எங்கே, எப்போது இருக்க வேண்டும் என்று படித்து வைத்திருப்பவர் அவர்.

சின்ன வயதில் பையன்களோடு ஆடினாரா? ஏன் நிறுத்தினார்கள்?

ஆமாம், ஆன்விக் என்ற சிற்றூரில் பையன்கள் அணியில் ஆடினார். நன்றாகவும் ஆடினார். ஆனால் 12 வயதை ஒட்டி நின்றுபோனது. அதற்கு மேல் பெண் பிள்ளைகள் பையன்களோடு ஆடக்கூடாது என்று அப்போது இங்கிலாந்து கால்பந்து சங்கத்தில் விதி இருந்தது. அவரிடம் குறை எதுவும் இல்லை, வயதுதான் குற்றம். பக்கத்தில் பெண்கள் அணி கிடையாது. அப்புறம் 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சண்டர்லாந்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். அந்த வயது வரம்பு பின்னாளில் படிப்படியாக உயர்த்தப்பட்டது. அது அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் பயன்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் என்ற பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஆண்டே, 1921 டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் கீழிருந்த மைதானங்களில் பெண்கள் ஆடுவதைச் சங்கம் தடை செய்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. ஆக, 12 வயதில் லூசி முன் வந்து நின்ற விதி திடீரென்று முளைத்ததல்ல. அரை நூற்றாண்டு அணி இல்லை, மைதானம் இல்லை, பயிற்சியாளர் இல்லை. ஒரு சிற்றூரில் பெண் பிள்ளைக்கு ஆட இடம் இல்லாமல் போனதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அதே குடிசன் பார்க்கை 2025–26 பருவத்திலிருந்து எவர்ட்டன் கிளப் தன் பெண்கள் அணிக்கே கொடுத்துவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

எப்போதிலிருந்து கால்பந்தை நம்பி வாழ முடிந்தது?

உடனே முடியவில்லை. 2009இல், 17 வயதில், சண்டர்லாந்துக்காக எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம் ஆடினார். ஆர்சனலிடம் 2–1 என்று தோற்றாலும் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் லூசிக்குத்தான் போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே கல்லூரி சாம்பியன் பட்டம் வென்ற அணியில் இருந்தார். ஒரு வருடத்தில் ஊர் திரும்பி, லீட்ஸ் நகரில் படித்துக்கொண்டே எவர்ட்டனுக்கு ஆடினார்.

அந்த நாட்களில் செலவுக்காக டோமினோஸ் பீட்சா கடையில் வேலை பார்த்தார். காலையில் வகுப்பு, அப்புறம் கடை, அதற்கு மேல் பயிற்சி. 2011இல்தான் பெண்கள் சூப்பர் லீக் 8 அணிகளோடு தொடங்கியது. அந்த லீக் முழுக்க முழுக்கத் தொழில்முறை ஆனது 2018–19 பருவத்தில். அதற்குள் லூசி லிவர்பூலில் 2013, 2014 என்று 2 முறை, மான்செஸ்டர் சிட்டியில் 2016இல் ஒரு முறை சாம்பியன் ஆகிவிட்டு, பிரெஞ்சு நாட்டுக்கே போய்விட்டார்!

ஏன் இத்தனை கிளப் மாறினார்? நிலையில்லாதவரா?

சண்டர்லாந்து, எவர்ட்டன், லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி, லியோன், மறுபடி சிட்டி, பார்சிலோனா, செல்சீ. வரிசையாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் போனது தனக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய இடத்துக்கு.

2017இல் அவர் பிரெஞ்சு கிளப்பான லியோனுக்குப் போனபோது ஐரோப்பாவில் அதற்கு நிகரான பெண்கள் அணி இல்லை. பின்களத்தில் வெண்டி ரெனார், முன்களத்தில் ஆடா ஹெகர்பெர்க். தினசரிப் பயிற்சியில் எதிரே வருகிறவர்கள் உலகின் மிகச் சிறந்தவர்கள். பயிற்சியில் ஹெகர்பெர்கைத் தடுத்துப் பழகியவருக்கு சனிக்கிழமை ஆட்டம் பெரிதாகத் தெரியாது. அங்கே இருந்த 3 பருவங்களிலும், அதாவது 2018, 2019, 2020 மூன்று ஆண்டுகளும், சாம்பியன்ஸ் லீக் வென்றார். 2018 அரையிறுதியில் லியோனுக்கு எதிரே வந்தது அவருடைய பழைய மான்செஸ்டர் சிட்டி. பந்து தரையில் விழும் முன் ஓங்கி அடித்து, ஆட்டத்தின் ஒரே கோலை அவரே போட்டார்.

2022இல் பார்சிலோனா. அங்கே ஆட்டமே வேறு. பந்தை விடாமல் வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன பாஸ்களால் எதிரணியைக் கரைப்பார்கள். 30 வயதைத் தாண்டிய ஒருவர் புதிய மொழியையும் புதிய ஆட்டத்தையும் ஒருசேரக் கற்றார். 2023, 2024 சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள் அங்கே. 2024இல் செல்சீ. முதல் பருவத்திலேயே லீக், எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பை மூன்றும். லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

டிஃபெண்டருக்கு உலகின் சிறந்த வீராங்கனை விருது கிடைக்குமா?

அவருக்குக் கிடைத்தது. 2019இல் ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனை. இந்த விருதைப் பெற்ற முதல் டிஃபெண்டர், முதல் இங்கிலாந்துக்காரர். அந்த ஆண்டு, உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதுப் பட்டியலில் மேகன் ரபினோவுக்கு அடுத்து 2ஆம் இடம். உலகக் கோப்பையில் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கான வெள்ளிப் பந்து. 2020 டிசம்பரில் ஃபிஃபாவின் உலகச் சிறந்த வீராங்கனை விருது. கடைசிச் சுற்றில் அவரோடு இருந்த இருவரில் ஒருவர் வெண்டி ரெனார், அவரும் டிஃபெண்டர். ஒரே மேடையில் இரண்டு டிஃபெண்டர்கள்! அது எனக்குத் தனி மகிழ்ச்சி.

டிஃபெண்டர் செய்யும் தவறு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன்.

2015 உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்தும் ஜப்பானும். 1–1 என்று கூடுதல் நேரத்துக்குப் போகப்போகிறது. 92ஆம் நிமிடம் ஜப்பான் வலது பக்கத்திலிருந்து கிராஸ் போடுகிறது. பின்னால் ஜப்பான் முன்கள வீராங்கனை காத்திருக்கிறார். இங்கிலாந்தின் சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் டிஃபெண்டர், லாரா பாசெட் ஓடிவந்து காலை நீட்டுகிறார். நீட்டாமல் விட்டிருந்தால் அது ஜப்பானுக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு. நீட்டினார். பந்து காலில் பட்டு மேலெழும்பி, குறுக்குக் கம்பத்தில் மோதி, கோட்டுக்கு உள்ளே விழுந்தது. சொந்தக் கோல். ஆட்டம் முடிந்தது. அந்தத் தொடர் முழுக்க அவர் தடுத்த பந்துகளை யாரும் எண்ணவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தவருக்குத்தான் அந்தக் கண்ணீர்.

அப்புறம் 2023 ஆகஸ்ட் 20, சிட்னி. உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி ஸ்பெயின். நம்மூரில் ஞாயிறு மதியம் மூன்றரை மணி. 29ஆம் நிமிடம் லூசி பந்தோடு வலது ஓரத்தை விட்டு மைதானத்தின் நடுவுக்கு வருகிறார். ஸ்பெயின் வீராங்கனைகள் சூழ்ந்துகொள்கிறார்கள், பந்து பறிபோகிறது. அடுத்த பாஸ்கள் போனது அவர் விட்டு வந்த அந்தக் காலி இடத்தை நோக்கித்தான். ஸ்பெயினின் லெஃப்ட் பேக் ஓல்கா கார்மோனா ஓடிவந்து, தாழ்வாக, தூர மூலைக்கு அடித்தார். 1–0. அதுவே முடிவு.

ஸ்பெயின் அணியில் பாதிப்பேர் அவரோடு பார்சிலோனாவில் ஆடுகிறவர்கள். எங்கே இடம் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அன்று அந்த ஓட்டத்தை அவர் எடுத்திருக்கக் கூடாது என்று சொல்வது இப்போது சுலபம். ஆனால் அதே துணிச்சலான ஓட்டங்கள்தான் 10 வருடம் இங்கிலாந்தைக் காப்பாற்றின. 2015இல் நார்வேக்கு எதிராக 1–1 என்று சமனில் இருந்தபோது பெனால்டி எல்லையிலிருந்து அவர் அடித்த கோலும், 2019 காலிறுதியில் அதே நார்வேக்கு எதிராக இடிபோல் அடித்த கோலும் இடம் விட்டுப் போனதால்தான் வந்தன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

முறிந்த எலும்போடு ஒரு தொடர் முழுக்க ஆடினார் என்பது உண்மையா?

உண்மை. 2025 ஜூலை 27 அன்று பாசெல் நகரில் ஸ்பெயினை பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று இங்கிலாந்து ஐரோப்பியக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்ட பிறகு, தொடர் முழுவதையும் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பில் முறிவோடு ஆடியதாக அவரே சொன்னார். அதுவரை வெளியே யாருக்கும் தெரியாது.

இதைத் தெரிந்துகொண்டு காலிறுதியைத் திரும்பப் பார்த்தால் வேறு ஆட்டமாகத் தெரிகிறது. ஜூலை 17, சூரிக், எதிரணி ஸ்வீடன். இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. 25 நிமிடத்துக்குள் ஸ்வீடன் 2–0. பாதிப்பேர் டிவியை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள். 79ஆம் நிமிடம் க்ளோயி கெல்லி இடது பக்கத்திலிருந்து கிராஸ் போட, தூரக் கம்பத்தில் அந்தத் தலை எழும்பியது. 2–1. இரண்டே நிமிடத்தில் மிஷெல் அக்யெமாங் சமன் செய்தார்.

அந்த இரவில் என் கண்ணை விட்டுப் போகாத காட்சி கோல் அல்ல. லூசி தரையில் உட்கார்ந்து, யாருக்கும் காத்திராமல், தன் தொடையைத் தானே பட்டியால் இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். வண்டிச் சக்கரத்துக்குக் கயிறு கட்டுவது போல. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

ஷூட் அவுட்டில் மொத்தம் 14 உதைகள், அவற்றில் 9 வீண். இங்கிலாந்தின் ஏழாவது உதைக்கு வந்தார். நேராக, நடுவில், முழு பலத்தோடு. வலை குலுங்கியது. அடுத்து ஸ்வீடனின் உதை மேலே போய்விட, 3–2.

முறிந்த எலும்போடு ஆடுவது சரியா? பிள்ளைகள் இதைப் பின்பற்றலாமா?

கூடாது. 33 வயதில், மருத்துவக் குழு சூழ, தன் உடலை நன்றாக அறிந்த ஒருவர் எடுத்த முடிவு அது. வளரும் வயதில் காலில் வலி இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். லூசிக்கே முழங்காலில் பல அறுவை சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. பெண்கள் கால்பந்தில் முழங்காலின் முன் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம். 2023 உலகக் கோப்பைக்கு முன் லியா வில்லியம்சன், பெத் மீட் இருவரையும் இங்கிலாந்து அப்படித்தான் இழந்தது.

ஆட்டிசம் பற்றி அவர் பேசியிருக்கிறாரே?

2025 மார்ச்சில் பிபிசியிடம் சொன்னார். 2021இல் தனக்கு ஆட்டிசமும், கவனத்தை நிலைநிறுத்துவதைக் கடினமாக்கும் ஏடிஹெச்டியும் இருப்பது மருத்துவ ரீதியாக உறுதியானதாம். மற்றவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவதையும் கட்டிப்பிடிப்பதையும் பார்த்துப் பார்த்துத் தானும் அப்படிப் பழகக் கற்றுக்கொண்டதாகவும், கால்பந்து மேல் தனக்கு இருப்பது ஆர்வம் என்பதைவிட விடாத பிடிப்பு என்றும் விளக்கினார். பலகாலம் அவரை 'ஒட்டாதவர்' என்று நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். 30 வயதை எட்டும்போது ஒரு பெண்ணுக்கு இது தெரியவருகிறது என்றால், எத்தனை பெண் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாமலே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வெளியே சொன்னது பெரிய உதவி.

இன்றைக்கு டிஃபெண்டர்களுக்குப் பணம் வருகிறதா?

வருகிறது. பெண்கள் கால்பந்தில் முதன்முதலாக ஒருவரைக் கிளப் மாற்றி வாங்க 10 லட்சம் டாலரைத் தாண்டிய தொகை 2025 ஜனவரியில் ஒரு டிஃபெண்டருக்குத்தான் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவின் சென்டர் பேக் நயோமி கிர்மா. வாங்கியது செல்சீ. பீட்சா கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய ரைட் பேக்கும், 10 லட்சம் டாலர் சென்டர் பேக்கும் ஒரே உடைமாற்றும் அறையில். இடையே இருப்பது சுமார் 14 ஆண்டுகள்தான்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்க்கலாம்?

எல்லோரும் ஸ்வீடன் ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். நான் 2019 உலகக் கோப்பைக் காலிறுதியைச் சொல்வேன். லெ ஆவ்ர் நகரில் நார்வேக்கு எதிராக, இங்கிலாந்து 3–0. அதில் மூன்றாவது கோல் அவருடையது என்பதற்காக அல்ல. முழு வேகத்தில் இருந்த லூசியை அங்கே பார்க்கலாம். முதல் 10 நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். 2ஆம் எண் சட்டையை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். தொலைக்காட்சிக் கேமரா அவ்வப்போது அவரை விட்டுவிடும், பரவாயில்லை, திரும்பி வரும்போது எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.